பகல் குடும்பம்

மனிதர்களை எண்ணுவது என் வேலை. பத்தொன்பது வருடமாக எண்ணுகிறேன். எண்ண எண்ண அவர்கள் மேல் இருந்த மரியாதை கரைந்துகொண்டே வந்து இப்போது எரிச்சல் மட்டும் மீதி இருக்கிறது.

அன்று காலை என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் பெயர் சாய்சரண். அறுபது வயது இருக்கும். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் மூன்று அடையாள அட்டைகள், முகத்தில் ஒரு தப்பும் செய்யாதவர் களை.

"சார், நாவலூர் ஒன்பதாம் அடுக்குல ஒரு வீட்டுல ஆறு மணி நேர வேளை ஒண்ணு உங்க பேர்ல இருக்கு. நாலு பேர் குடியிருக்கிறதா பதிவு. நாங்க மூணு தடவை போய்ப் பார்த்துட்டோம். ஈ காக்கா இல்ல. யாரு அந்த நாலு பேரு?"

"என் பேரன் குடும்பம்மா."

"பேரனுக்கு என்ன வயசு?"

அவர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து நேராக வைத்தார். "இனிமேதான் பொறக்கணும்."

"பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"பார்த்துக்கிட்டிருக்கோம்."

பிறக்காத பேரன், அவனுக்கு ஒரு பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். நால்வருக்கும் பெயர் வைத்திருந்தார். கடைசிப் பிள்ளையை ராகு காலத்தில் பதிவு செய்துவிட்டாராம், பெயரை மாற்றினால் தோஷம் போகுமா என்று என்னிடமே கேட்டார்.

"இல்லாத பேரனுக்காக ஒரு வீடு தினமும் ஆறு மணி நேரம் பூட்டிக் கிடக்கு. அந்த வாசல்லயே எத்தனை குடும்பம் நிக்குது, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்மா. பார்த்துத்தான் பயந்துட்டேன். நாளைக்கு நம்ம புள்ளைக்கும் அதே கதிதான? அதான் முன்கூட்டியே போட்டு வச்சேன்."

இதற்கு எங்கள் சட்டத்தில் பெயர் துண்டு. அந்தக் காலத்தில் பேருந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிப்பார்களாம். தனக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, வருவானா மாட்டானா என்று தெரியாத மச்சானுக்கு ஒன்று. பேருந்துகளிலிருந்து ஜன்னல் போய் எத்தனையோ வருடமாகிறது, புத்தி போகவில்லை. ஊரில் எள் விழ இடமில்லை. இருக்கிற இடத்திலும் பத்தில் ஒரு பங்கு இப்படி இல்லாதவர்களுக்காகக் காலியாகக் கிடக்கிறது. இடம் கிடைக்காது என்ற பயத்தில் ஆளாளுக்கு இடம் பிடித்து வைப்பதால்தான் இடம் கிடைப்பதில்லை. இதை எடுத்துச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். வெளியே போய் இன்னொரு துண்டு போடுகிறார்கள்.

சாய்சரணின் பெயரை நகரப் பதிவிலிருந்து நீக்கினேன். துண்டு போட்டவர் வெளிவட்டத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. செங்கல்பட்டு தாண்டி, சுத்தம் செய்த கடல்நீர் வரும் குழாய் முடிகிற இடத்துக்கு அப்பால் இருப்பது வெளிவட்டம். அங்கே இடம் நிறைய இருக்கிறது. நாலு நாளைக்கு ஒருமுறை லாரியில் தண்ணீர் வரும், மருத்துவமனை கிடையாது. அவர் அழவில்லை. "அந்த வேளைய என் பையன் பேருக்கு மாத்த முடியுமாம்மா?" என்று கேட்டார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

எங்கள் வீடு சிறுசேரியில். வீடு என்றால் ஓர் அறை, ஒரு குளியலறை, சுவரோடு ஒரு சமையல் மேடை. இதில் நாலு குடும்பம். காலைக் குடும்பத்துக்கு ஐந்து மணி முதல் பதினொன்று, பகல் குடும்பத்துக்குப் பதினொன்று முதல் ஐந்து, எங்களுக்கு ஐந்து முதல் பதினொன்று, மிச்சம் இரவுக் குடும்பத்துக்கு. குடும்பத்துக்கு ஒரு வேளை. முன்கதவால் உள்ளே வர வேண்டும், பின்கதவால் வெளியே போக வேண்டும். ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தின் முகத்தைப் பார்த்தால் சண்டை வரும் என்று அப்படிக் கட்டியிருக்கிறார்கள். கட்டியவர்களுக்கு எங்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

முகம் பார்க்காவிட்டாலும் சங்கதி தெரியும். காலைக் குடும்பம் புதன்கிழமை தோறும் கருவாடு வறுக்கும். இரவுக் குடும்பம் எதற்கெடுத்தாலும் எங்கள் மேல் புகார் எழுதும். பகல் குடும்பம் மட்டும் தங்கம். ஐந்து மணிக்கு நாங்கள் நுழையும்போது வீடு பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருக்கும். குளியலறை வடிகாலில் ஒரு முடி இருக்காது. ஆறு வருடமாக அவர்களை உதாரணம் காட்டித்தான் என் வீட்டாரைத் திட்டி வருகிறேன். ஒரு தீபாவளிக்கு ஒரு டப்பாவில் முறுக்கு வைத்து, பகல் குடும்பத்துக்கு என்று கதவுத் திரையில் தட்டிவிட்டு வந்தேன். மறுநாள் டப்பா கழுவி வைத்திருந்தது. திரையில், 'நன்றி. உப்பு மட்டும் ஒரு சிட்டிகை கூட' என்று வந்திருந்தது. என் சமையலைக் குறை சொன்ன யாரையும் நான் சும்மா விட்டதில்லை. அவர்கள் மேல் மட்டும் கோபம் வரவில்லை. எவ்வளவு பதமாகச் சொல்கிறார்கள் பார் என்று நித்திலனிடம் காட்டினேன்.

நித்திலன் என் கணவன். கல்லூரியில் ஒரே வகுப்பு, அதனால் இன்றுவரை நீ, வா, போதான். கடல்நீர் நிலையத்தில் அதிகாலை வேலை அவனுக்கு. பத்தரைக்கு முடித்துவிட்டு ஐந்து மணி வரை வேளை இல்லாத நேரத்தில் எல்லாரும் போய் நிற்கும் பூங்காக் கூடத்தில் நின்றுகொண்டு பொழுதைக் கழிப்பான். ஆமாம், பதமாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றான்.

அன்று மாலை சாப்பிடும்போது என் மாப்பிள்ளை கோதண்டம் ஒரு நல்ல செய்தி என்று ஆரம்பித்தார். எங்கள் தலைமுறைக்குத் தன்ஷிகா, ரித்விக் என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். அதற்குப் பழிவாங்குவதுபோல நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்குக் கோதண்டம், அலமேலு என்று வைத்தோம். கோதண்டம் தூக்கத் தொப்பி செய்யும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். அவர் நல்ல செய்தி என்றால் நான் எச்சரிக்கையாகிவிடுவேன்.

"அத்தை, புது மாடல் சோதனை முடிஞ்சிருச்சு. இப்ப இருக்கிற தொப்பி ராத்திரித் தூக்கம் முழுசையும் ஒன்றரை மணி நேரத்துல கொடுக்குது. புதுசு முக்கால் மணி நேரம்தான்."

"சரி. மிச்சமாகுற நேரத்துல என்ன பண்றதாம்?"

"வீட்டை மூணு மூணு மணி நேரமா பிரிச்சுடலாம். ஒரே வீட்டுல எட்டு குடும்பம்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "மாப்ளை, முதல் தொப்பி வந்தப்ப உங்க கம்பெனி என்ன சொல்லிச்சு? மனுஷனுக்கு ஒரு நாளைக்கு ஆறரை மணி நேரம் லாபம், பாட்டு கத்துக்கலாம், புள்ளைங்களோட விளையாடலாம்னு சொல்லிச்சு. என்ன ஆச்சு? தூங்குறதுக்குத்தான வீடு, அதுக்கெதுக்கு நாள் பூரா ஒரு வீடுன்னு நாலா பிரிச்சுட்டாங்க. கடல் தண்ணிய மலிவா சுத்தம் பண்ண மெஷின் வந்துச்சு. இனிமே தாராளமா குளிக்கலாம்னாங்க. குளிக்க இன்னும் அறுபது லட்சம் பேர் வந்தாங்க. எதைக் கண்டுபிடிச்சாலும் மனுஷனுக்கு வசதி வர்றதில்ல. இன்னும் மனுஷன்தான் வர்றான்."

"வர்றவங்க வேற எங்க போவாங்க அத்தை? தெக்க கடல் ஏறிடுச்சு, மேக்க கிணறு வத்திடுச்சு. குழாய் இருக்கிற இடத்துக்குத்தான வருவாங்க."

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால் எரிச்சல் கூடியது.

"எட்டு குடும்பம் எப்ப வரும்?" என்று அலமேலு கேட்டாள். சுவரில் சாய்ந்து, எட்டரை மாத வயிற்றின் மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கீழே வைக்க இடமில்லை.

"ரெண்டு வருஷம் ஆகும்."

"எனக்கு மூணு வாரத்துல வேணும்."

ஒரு வேளைக்கு நாலு தலை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. குறைந்தால் ஓர் அந்நியரைக் கொண்டுவந்து செருகுவார்கள். அலமேலுவின் கல்யாணத்துக்கு முன் நாங்கள் மூன்று பேராக இருந்தபோது, பல்லிடுக்கில் சீழ்க்கை அடித்துக்கொண்டே இருக்கும் ஒருவரோடு இரண்டு வருடம் குடியிருந்தோம். அந்நியர் வேண்டாம் என்றுதான் ஊரில் பாதிப் பேர் அவசரமாகக் கல்யாணம் செய்து, அவசரமாகப் பிள்ளை பெற்று நாலாகிறார்கள். நாலான பிறகு ஐந்தாவது வந்து நிற்கிறது. அதற்கு ஒரு வேளை காட்டாவிட்டால் தாயும் பிள்ளையும் வெளிவட்டத்துக்குப் போக வேண்டும். அலமேலுவுக்கு ஐந்தாம் மாதத்திலிருந்தே ரத்த அழுத்தம். மருத்துவமனை இல்லாத ஊருக்கு அவளை அனுப்புவது என்ன என்பது எங்கள் நால்வருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"ஏம்மா, உன் ஆபீஸ்ல ஒரு துண்டுகூடவா மாட்டல?"

"மாட்டுது. வரிசையில ஒன்பதாயிரம் புள்ளத்தாச்சிங்க நிக்கிறாங்க. உனக்கு முன்னாடி எட்டாயிரத்துச் சொச்சம். அதே வீட்டுல இன்னொரு வேளை காலியானா மட்டும்தான் அந்த வீட்டுப் பொண்ணுக்கு முதல் உரிமை."

"நம்ம வீட்டுல யாரு காலி பண்ணப் போறாங்க" என்றாள்.

நித்திலன் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் எப்போதுமே பேச்சில் சிக்கனம்.

புதன்கிழமை மதியம் நஸ்ரின் என் மேசைக்கு வந்தாள். என் பிரிவில் தண்ணீர்ப் பட்டியல் எடுப்பவள் அவள். எந்த வேளையில் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று பார்த்தால் யார் இருக்கிறார்கள், யார் இருப்பதாக நடிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

"அக்கா, சிறுசேரி பதினாலாம் அடுக்கு, முப்பத்திரண்டாம் மாடி, ஏழாம் கதவு. உங்க வீடுதான?"

"ஆமா. இரவுக் குடும்பம் புகார் கொடுத்திருக்கா?"

"இல்ல. பகல் வேளை பட்டியல்ல வந்திருக்கு. ஒரு நாளைக்குப் பதினோரு லிட்டர்."

"அவங்க ரொம்ப சிக்கனம் நஸ்ரின். நம்ம மாதிரி இல்ல. அந்த வீட்டை வந்து பார்த்தா தெரியும் உனக்கு."

"நாலு பேருக்குப் பதினோரு லிட்டரா அக்கா? ஞாயித்துக்கிழமை சைபர்."

ஆறு வருடம் ஒரு முடிகூட உதிராத குடும்பம். கருவாடு வறுக்காத, புகார் எழுதாத, அழுது அடம்பிடிக்கப் பிள்ளை இல்லாத குடும்பம். இல்லாத குடும்பம்தான் அவ்வளவு நல்ல குடும்பமாக இருக்க முடியும். யாரோ ஓர் ஆளை அனுப்பிக் குழாயைத் திறந்து மூடி, வீட்டைப் பெருக்கி, ஆள் இருப்பதாகக் காட்டியிருக்கிறார்கள். துண்டுக்காரர்களின் பழைய தந்திரம். ஊரார் வீட்டையெல்லாம் எண்ணியவள் என் வீட்டில் கோட்டை விட்டிருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான்.

ஆனால் கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்குச் சந்தோஷம் வந்தது. அதே வீடு. முதல் உரிமை.

நஸ்ரினும் அதைத்தான் நினைத்திருக்கிறாள். "இன்னைக்கே போயிடுங்க அக்கா. வெள்ளிக்கிழமை பட்டியல் தலைமை ஆபீஸுக்குப் போயிடும், அப்புறம் வேற யாராவது கையில சிக்கும். கோப்பு அந்தக் கதவுல நீங்க கை வச்சாத்தான் தொறக்கும். நல்லபடியா புள்ள பொறக்கட்டும்."

ரயிலில் என்மேல் நாலு பேர் சாய்ந்துகொண்டு வந்தார்கள். லிஃப்ட் வரிசையில் ஐம்பது நிமிடம் நின்றேன். அன்று மட்டும் யார் மேலும் கோபம் வரவில்லை. அலமேலு, கோதண்டம், குழந்தை மூன்று பேரும் பகல் வேளைக்கு மாறிவிடுவார்கள். நாலாவது தலைக்கு நான் போகலாமா, நித்திலனை அனுப்பலாமா என்று யோசித்தேன். தொட்டில் கட்டக் கொக்கி எங்கே அடிப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டேன். மணி இரண்டரைக்குக் கதவில் கை வைத்தேன். அதிகாரி என்று தெரிந்ததும் அது திறந்தது.

உள்ளே நித்திலன் இருந்தான்.

பனியனும் லுங்கியுமாக, அறையின் நட்டநடுவில், சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். புத்தகம் இல்லை, பாட்டு இல்லை, கையில் போன்கூட இல்லை. பக்கத்தில் ஒரு டம்ளர் டீ ஆறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து எழுந்தான், பிறகு என்ன தோன்றியதோ, மறுபடி உட்கார்ந்தான்.

"நீ பார்க் கூடத்துல இல்ல இருக்கணும்?"

"தன்ஷி..."

குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு பெண் இருந்திருந்தால்கூட அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்திருக்கும். யாரும் இல்லை.

"யாரோட வேளை இது?"

"இனியன் குடும்பத்தோடது." இனியன் அவன் தம்பி. மஸ்கட்டில் இருக்கிறான். "வேளை பிரிச்சப்ப ஊருக்கே வந்துடறேன்னான். வந்தா இடம் கிடைக்காதேன்னு நான் முன்னாடியே போட்டு வச்சேன். அப்புறம் அவங்க அங்கயே தங்கிட்டாங்க."

"ரத்து பண்ணித் தொலைக்க வேண்டியதுதான?"

"பண்ணணும்னுதான் இருந்தேன். அடுத்த மாசம், அடுத்த மாசம்னு போயிடுச்சு. ஒரு நாள் பகல்ல குழாய் ஒழுகுதுன்னு தகவல் வந்துச்சு. அவன் வர்ற வரைக்கும் நான்தான பொறுப்பு, கதவு எனக்குத் திறக்கும். வந்து அடைச்சேன். அடைச்சுட்டு சித்த உட்கார்ந்தேன்." அவன் தன் முழங்கையைத் தடவினான். "யாரும் இடிக்கல தன்ஷி. அஞ்சு மணி எப்ப ஆச்சுன்னே தெரியல."

"அதுலேர்ந்து ஆறு வருஷமா?"

"ஞாயித்துக்கிழமை தவிர."

"முறுக்குல உப்பு கூடன்னு எழுதினது நீயா?"

அவன் தரையைப் பார்த்தான். "கூடத்தான் இருந்துச்சு."

நான் சுவரோரம் உட்கார்ந்தேன். கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது, சட்டப்படி கேட்க வேண்டிய பதினேழு கேள்வி தனியாக இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஒரு நாள்கூட என்னைக் கூப்பிடணும்னு தோணலையா நித்தி உனக்கு?"

அவன் ஆறிய டீ டம்ளரை நகர்த்தி வைத்தான். பொய் தேடுகிறான் என்று நினைத்தேன்.

"தோணுச்சு. கூப்பிட்டா ரெண்டு பேர் ஆயிடும்."

இருபத்தெட்டு வருடக் குடித்தனம். அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. அதைவிடக் கேவலம், அவன் சொன்னது எனக்குப் புரிந்தது.

"நாலு நாள் முன்னாடி புள்ள வயித்துல தட்டை வச்சுக்கிட்டு, நம்ம வீட்டுல யாரு காலி பண்ணப் போறாங்கன்னு கேட்டாளே. அப்பகூட உன் வாய் திறக்கல."

"இன்னைக்கு ரத்து பண்ணிடணும்னுதான் வந்தேன்."

"தினம் அதுக்குத்தான வந்திருப்ப."

"இப்பவே ஒப்படைச்சுடறேன். அலமேலுவுக்கு முதல் உரிமைன்னு நீதான சொன்ன?"

"கிடையாது. குடும்பத்துல ஒருத்தர் போட்ட துண்டு அந்தக் குடும்பத்துக்கே போகக் கூடாதுன்னு விதி இருக்கு. இல்லன்னா எல்லாரும் போட்டுட்டு, புள்ள வந்தப்புறம் ஒப்படைப்பாங்க. அந்த விதி எழுதின குழுவுல நானும் இருந்தேன்."

"யாருக்கும் சொல்லாம விட்டுட்டா?"

"பட்டியல் வெள்ளிக்கிழமை போகுது. நான் மறைச்சது தெரிஞ்சா அஞ்சு தலையையும் நீக்குவாங்க, பொறக்காததையும் சேர்த்து. நானே எழுதினா போட்டவர் ஒருத்தரோட முடியும்."

அவன் விரலை மடக்கி எண்ணினான். எனக்குத் தெரிந்த கணக்குதான், அவன் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன்.

"அப்ப என் பேரை எழுது. நீ, அலமேலு, மாப்ளை, குழந்தை. நாலு. சரியா வந்துடுச்சு. நான் வெளிவட்டம் போயிடறேன். அங்க இடம் நிறைய இருக்குன்னு நீயே சொல்வ."

அவன் குரலில் தியாகம் கொஞ்சம்தான் இருந்தது. மிச்சமெல்லாம் ஆசை. அதைக் கேட்டதும் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் போய்விட்டது. போய்த் தொலை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே டேப்லெட்டை எடுத்துக் கோப்பைத் திறந்தேன். பகல் வேளை, தலைகள் நான்கு, இனியன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். அதற்குக் கீழே பொறுப்பாளர், நித்திலன். அதற்கும் கீழே, விண்ணப்பித்தவர், தன்ஷிகா நித்திலன். பக்கத்தில் என் கையெழுத்து. 'த' எழுத்தின் சுழி மேலே போய் வளையும், நான் போடுகிற மாதிரியே.

"நித்தி. இதுல என் பேர் இருக்கு."

அவன் வந்து எட்டிப் பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும், நிஜமாகவே மறந்திருக்கிறான் என்று தெரிந்தது.

"பொம்பளைங்க பேர்ல போட்டா முன்னுரிமைன்னு கவுன்ட்டர்ல சொன்னாங்க தன்ஷி. நீ லிஃப்ட் வரிசையில நின்னுக்கிட்டிருந்த. என் முதுகுல வச்சுத்தான் கையெழுத்துப் போட்ட. என்ன ஃபாரம்னுகூட நீ கேக்கல."

கேட்டிருக்க மாட்டேன். இந்த ஊரில் எதற்கும் பெண் பெயரில் விண்ணப்பித்தால் சீக்கிரம் கிடைக்கும். கணவன் தாளை நீட்டுவான், மனைவி கையெழுத்துப் போடுவாள். படிக்க ஆரம்பித்தால், என்மேல் நம்பிக்கை இல்லையா என்பான். என் மேசைக்கு எதிரே அழுத பெண்களில் பாதிப் பேர் இதைத்தான் சொன்னார்கள். நான் ஒரே கேள்விதான் கேட்பேன், கையெழுத்து உங்களுடையதுதானே என்று.

"நான் எழுதிக் கொடுக்கறேன். நான்தான் சொல்லாம வாங்கினேன்னு."

"எழுதிக் கொடு. அதை ஏத்துக்க வேண்டிய அதிகாரி நான்தான். இதுவரைக்கும் ஒண்ணுகூட ஏத்துக்கிட்டதில்ல."

"இது ஒண்ணை ஏத்துக்கோயேன்."

"அதிகாரி தன் பேரை எடுத்துட்டு புருஷன் பேரைப் போட்டிருக்கான்னு அந்த ஒரு கோப்பைத்தான் முதல்ல பிரிச்சுப் பார்ப்பாங்க. அஞ்சு பேரும் போவோம். விடு. கணக்குக்கு நீயும் ஒண்ணுதான், நானும் ஒண்ணுதான். எது போனாலும் நாலு."

அவன் அழ ஆரம்பித்தான். அவன் அழுது நான் பார்த்தது அலமேலு பிறந்த அன்றுதான். அப்போதும் எரிச்சலாகத்தான் இருந்தது, வலி எனக்கு, அழுகை இவனுக்கா என்று. "நானும் உன்கூட வந்துடறேன் தன்ஷி" என்றான்.

"நீயும் வந்தா இங்க மூணு தலை ஆயிடும். யாரையாவது கொண்டுவந்து செருகுவாங்க. பச்சைப் புள்ள இருக்கிற வீட்டுல சீழ்க்கை அடிக்கிறவன் வேண்டாம். அலமேலுவுக்கு எட்டு மணி மாத்திரை, மறந்துடுவா, நீதான் எடுத்துக் கொடுக்கணும். ராத்திரி பார்க் கூடத்துல அவளைச் சுவரோரம் நிக்க வை, யாரும் இடிக்காம. புள்ள பொறந்தா முதல் மூணு மாசம் தொப்பி போடக் கூடாது, மாப்ளை ஆயிரம் சொன்னாலும் போட விடாத."

"சரி" என்றான் ஒவ்வொன்றுக்கும்.

மணி மூன்று ஆகியிருந்தது. "இப்ப வெளிய போ" என்றேன்.

"எங்க?"

"பார்க் கூடத்துக்கு. ஆறு வருஷமா அங்கதான நிக்கிறதா சொன்ன. போய் நில்லு. அஞ்சு மணிக்கு முன்னாடி வராத."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பின்கதவால் போனான்.

அறிக்கை எழுத நாலு நிமிடம் ஆயிற்று. மற்றவர்களுக்கு எழுதுவதைப் போலத்தான் எழுதினேன், பெயர் மட்டும் வேறு. கட்டைவிரலை வைத்ததும் பதில் வந்துவிட்டது. பகல் வேளை ரத்து, பொது வரிசைக்கு. தன்ஷிகா, நகரப் பதிவிலிருந்து நீக்கம், ஞாயிறு காலை ஆறு மணி வண்டி. அதற்குக் கீழே இன்னொரு வரி பச்சையில் வந்தது. மாலை வேளை, தலைகள் நான்கு, பிறக்கவிருக்கும் குழந்தைக்கு இடம் உறுதி. அந்த வரியை மட்டும் நாலைந்து தடவை படித்தேன்.

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அறை காலியாக இருந்தது. எனக்கு ஐம்பத்தொரு வயது. இந்த வயது வரை ஓர் அறையில் நான் தனியாக இருந்ததில்லை. முதலில் பயமாக இருந்தது. காதுக்குள் என் ரத்தம் ஓடுவது கேட்டது, அதை யாரோ நடப்பதாக நினைத்து இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். அலமேலுவிடம் எப்படிச் சொல்வது, அந்தப் பிள்ளையை நான் பார்க்கப் போவதில்லையே, நாலு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரில் எதைச் சமைப்பது என்று ஒவ்வொன்றாக வந்து போயிற்று. அழலாம் என்று பார்த்தேன். அழுகை வரவில்லை.

தரையில் மல்லாந்து படுத்தேன். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினேன். எதிலும் படவில்லை. காலையும் அகட்டி நீட்டினேன். அதுவும் எதிலும் படவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு தானாக மெதுவாகியது. நன்றாகத்தான் இருந்தது. ஆறு வருடம் இதை எனக்குத் தராமல் வைத்திருந்தானே என்ற ஆத்திரம் அப்போதுதான் முழுதாக வந்தது. அதோடு, நானாக இருந்தாலும் அவனைக் கூப்பிட்டிருக்க மாட்டேன் என்பதும் தெரிந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தேன்.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. முன்கதவு திறந்தது. அலமேலு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள், பின்னால் கோதண்டம் இரண்டு பைகளோடு.

"நீ எப்பம்மா வந்த? ஏன் இப்படி நடுவுல படுத்திருக்க?" என்றாள். "நகரும்மா. கால் வீங்கிப் போச்சு, நீட்டணும்."

எழுந்து இடம் விட்டேன்.